கேயோ தே ஆகுவாவுக்கு அம்மாவோடு போக வழி சொல்லுங்கள்

வெனிசுவேலாவின் லோஸ் ரோக்கேஸில் இருக்கிறோம். 1972 முதல் தேசியப் பூங்காவாக இருக்கும் பவளத் தீவுக்கூட்டம் இது. முக்கியத் தீவான கிரான் ரோக்கேயில் அறை எடுத்து நாலு நாளாகிறது. ஞாயிறு காலை கராகஸ் பக்கத்து விமான நிலையமான மைக்கேத்தியாவுக்கு விமானம். மேற்குக் கோடியில் இருக்கும் கேயோ தே ஆகுவா தீவை இன்னும் பார்க்க முடியவில்லை.

அம்மாவுக்கு 66 வயது, இடுப்பில் தட்டு விலகிய வலி. செவ்வாயன்று கூரையில்லாத சிறு மோட்டார் படகில் கிளம்பினோம். போகும்போது காற்று முதுகுப் பக்கம் என்பதால் பெரிய குலுக்கல் இல்லை. ஆனால் திரும்பும்போது கிழக்குக் காற்றை எதிர்த்து வரவேண்டும் என்றதும் பாதியிலேயே, வழியில் இருக்கும் கிராஸ்கி தீவில் இறங்கிவிட்டோம். அங்கிருந்து திரும்பிய அந்தக் கொஞ்ச தூரத்துக்கே, ஒவ்வொரு அலைக்கும் அம்மா என் கையை இறுக்கிப் பிடித்த தடம் இன்னும் இருக்கிறது.

பின் இருக்கை, இரட்டை மெத்தை, வலி மாத்திரை எல்லாம் பார்த்தாயிற்று. விடுதிக்காரர் பக்கத்திலிருக்கும் பிரான்சிஸ்கி தீவே போதும் என்கிறார். அம்மாவுக்கோ கேயோ தே ஆகுவாவில் இரண்டு திட்டுகளை இணைக்கும் அந்த மணல்பாதையில் ஒருமுறை நடக்கவேண்டும்.

வயதானவர்களோடு அங்கே போய் வந்தவர்கள், எந்த வகைப் படகில், எத்தனை மணிக்குத் திரும்பினீர்கள்?