தங்கூசி வலையின் தொலை அகச்சிவப்பு நிறமாலையில் 73-இல் வரும் முகடு எதனுடையது?

கேள்வி (மண்டபம், ஆய்வு மாணவி)

வணக்கம். பாம்பன் கரையில் வெயிலிலும் உப்பிலும் நொறுங்கிக் கிடந்த தங்கூசி (ஒற்றை இழை நைலான்) வலையையும் புதுத் தங்கூசியையும் ஒப்பிடுகிறேன். இரண்டுமே நைலான் 6. திரவ நைட்ரஜனில் உறைய வைத்து அரைத்து, பாலிஎத்திலீன் பொடியோடு கலந்து வில்லையாக அழுத்தி, 400 முதல் 50 செ.மீ⁻¹ (அலை எண்) வரை தொலை அகச்சிவப்பு நிறமாலையைப் பதிவு செய்தேன்.

வீச்சு முழுக்க ஊசி ஊசியாகக் கோடுகள் வருகின்றன. 73-இல் ஒரு கூர்மையான முகடு. பழைய வலையில் மட்டும் 160-க்கு மேல் அகலமான ஒரு மேடு. அந்த மேடுதான் வெயில் செய்த சிதைவு என்று எழுதிவிடலாமா?

பதில் 1

தங்கச்சி, இப்போதைக்கு எழுத வேண்டாம். முதலில் ஊசிக் கோடுகளைப் பார்ப்போம். அவை நீராவியின் சுழற்சிக் கோடுகள். நம் கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம், இந்த வீச்சில் அது ஒளியை நன்றாக விழுங்கும். மாதிரி வைக்காமல் பத்து நிமிட இடைவெளியில் இரண்டு பதிவுகள் எடுத்து, ஒன்றை மற்றொன்றால் வகுத்துப் பாருங்கள். அதே கோடுகள் வந்தால் சந்தேகமே இல்லை. உலர் நைட்ரஜனை ஓடவிட்டு, மாதிரி அறையைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அதே அளவு நேரம் காத்திருங்கள். பின்னணிப் பதிவுக்கும் (மாதிரி இல்லாமல் ஒப்பீட்டுக்கு எடுப்பது) அதே நேரம்தான்.

பதில் 2

73 உங்கள் நைலானுடையது அல்ல, வில்லையுடையது. பாலிஎத்திலீன் படிகத்தின் அணிக்கோவை அதிர்வு (ஒழுங்காக அடுக்கிய மூலக்கூறுகள் சேர்ந்து அசைவது) அங்கேதான் வரும். அதே எடையில் வெறும் பாலிஎத்திலீன் வில்லை ஒன்று அழுத்தி, அதைப் பின்னணியாக வையுங்கள். வில்லை அழுத்த வழக்கமாக எடுக்கும் பொட்டாசியம் புரோமைடுக்கு மாறிவிடாதீர்கள், அது 400-க்குக் கீழே ஒளியை விடாது.

அப்புறம், பழைய வலையை எதில் கழுவினீர்கள்?

மாணவி

கடல் நீரில் அலசி மணலை மட்டும் நீக்கினேன், அண்ணா.

பதில் 2

அப்படியானால் அந்த மேடு உப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம். சோடியம் குளோரைடின் படிக அதிர்வு 164-ஐ ஒட்டியது. நுண்பொடியாக இருந்தால் உறிஞ்சல் அதற்கு மேலும் விரியும். வாலை வடிநீரில் பலமுறை ஊறவைத்துக் கழுவி, வெற்றிட அடுப்பில் உலர்த்துங்கள். நைலான் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும், அதனால் புதுத் தங்கூசியையும் அதே மாதிரி கழுவி உலர்த்தினால்தான் ஒப்பீடு செல்லும்.

மாணவி (ஐந்து நாள் கழித்து)

கழுவி உலர்த்தியதும் மேடு போய்விட்டது. வெறும் வில்லையைப் பின்னணியாக வைத்ததில் 73-உம் அடங்கிவிட்டது. 100-ஐ ஒட்டிப் பழைய வலைக்கும் புதியதற்கும் சிறு வேறுபாடு மிச்சம் இருக்கிறது. இன்னும் மூன்று வில்லைகள் அழுத்தி, அது திரும்ப வருகிறதா என்று பார்க்கிறேன்.