புதுப்பிப்பு: 8 டெராபைட் டிஸ்கில் காணாமல் போன 400 ஜிபி

புது 8 டெராபைட் டிஸ்கை எக்ஸ்ட்4 (ext4, லினக்ஸின் கோப்பு முறைமை) ஆக ஃபார்மேட் செய்ததும் 400 ஜிபி குறைகிறது, டிஸ்க் பழுதா என்று போன வாரம் கேட்டிருந்தேன். பழுது இல்லை. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

எக்ஸ்ட்4 வழக்கமாக 5 சதவீத இடத்தை ரூட் பயனருக்கு (முழு அதிகாரம் உள்ள நிர்வாகிக் கணக்குக்கு) ஒதுக்கிவிடுகிறது. டிஸ்க் நிரம்பினாலும் லாக் (நிகழ்வுப் பதிவு) எழுதும் சேவைகள் நின்றுவிடக் கூடாது, கோப்புகள் துண்டு துண்டாகச் சிதறக் கூடாது என்பதற்காக. 50 ஜிபி ரூட் பார்ட்டிஷனில் (இயங்குதளம் இருக்கும் பகுதியில்) அது வெறும் 2.5 ஜிபி, நியாயமான அளவு. டிஸ்க் வளர வளர அதே சதவீதம் மலையாகிவிடுகிறது.

இந்த ஒதுக்கீட்டை மாற்றும் டியூன்2எஃப்எஸ் (tune2fs) கட்டளையில் எம் (-m) தெரிவுக்கு 1, அதாவது 1 சதவீதம், கொடுத்தேன். டிஸ்கை அன்மவுன்ட் செய்யவே (பயன்பாட்டிலிருந்து விலக்கவே) தேவைப்படவில்லை, நொடியில் 320 ஜிபி திரும்பி வந்தது. இதில் படங்களும் பேக்கப்பும்தான் இருக்கின்றன, அதனால் 0 கூடப் போதும் என்று சிலர் சொன்னீர்கள். சரிதான், ஆனால் விளிம்புவரை நிரம்பிய டிஸ்கில் எழுதும் வேகம் குறையும் என்பதால் 80 ஜிபியை விட்டுவைத்தேன்.

ரூட் பார்ட்டிஷனை மட்டும் தொடவில்லை. அங்கே 5 சதவீதம் அப்படியே இருக்கட்டும்.