மகனை லேரவுக்கு (தொழிற்பயிற்சிக்கு) விடச் சொல்கிறார்கள், வெள்ளிக்கிழமை கையெழுத்தாம். அவசரம்!

கோண்டாவில்_அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். சுவிஸுக்கு வந்து கொஞ்சக் காலம்தான். நேற்று வகுப்பாசிரியர் கூப்பிட்டு, கிம்னாசியம் (யூனிவர்சிட்டிக்கு நேரே கொண்டுபோகும் உயர்பள்ளி) சரிவராது, மகனுக்கு லேர பாருங்கள் என்றார். ஒரு தாளும் தந்திருக்கிறார், வெள்ளிக்கிழமை கையெழுத்து வைத்துக் கொடுக்க வேண்டும். ஊரில் கணக்கில் முதலாம் பிள்ளை. இவர் குசினி வேலையால் நடுச்சாமத்தில் வந்து, "வாத்தியார் சொன்னால் வையும்" என்கிறார். வைத்தால் கம்பஸ் அவ்வளவுதானா?

லுட்சேர்ன்_மாமா:
வையாதேங்கோ தங்கச்சி! கிம்னாசியம் சோதனைக்கு டியூஷன் போடுங்கோ. நாங்கள் வந்த காலத்தில் கோப்பை கழுவினது பிள்ளைகளும் கையில் ஸ்பானரோடு திரியவா? பனிக்குள் முதல் பஸ் பிடித்து வேலைக்குப் போன கதையைச் சொன்னால் விடிந்துவிடும்.

ஆராவ்_தம்பி:
மாமா, கோப்பை கழுவுவதற்கும் லேரவுக்கும் என்ன சம்பந்தம்? இங்கே மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் இந்த வழியால்தான் போகிறார்கள். நான் படித்தது இன்போர்மாட்டிக்கர் (கணினித் தொழில்) லேர, 4 வருடம். கிழமையில் மூன்று நாலு நாள் கொம்பனி, மிச்சம் தொழிற்பள்ளி, மாதம் சம்பளமும் வரும். கிம்னாசியம் சோதனை கன்டோனுக்குக் கன்டோன் (மாநிலத்துக்கு மாநிலம்) வேறு. சூரிச்சில் மார்ச்சில் நடக்கும், அதில் ஜெர்மனில் கட்டுரை எழுத வேண்டும். கணக்கு மட்டும் காப்பாற்றாது.

வின்டர்தூர்_ராணி:
லேர முடித்தவன் யூனிக்கு (பல்கலைக்கழகத்துக்கு) போக ஏலாது. என் அக்காவின் மகன் இன்னும் கடையில் நிற்கிறான்.

ஆராவ்_தம்பி:
ஏலும் அக்கா. லேரவோடு அல்லது முடித்த பிறகு பெரூஃப்ஸ்மத்தூரா (தொழில்வழி உயர்தரச் சான்றிதழ்) எடுத்தால் ஃபாக்ஹோக்ஷூல (தொழில்சார் உயர்கல்லூரி) போகலாம். அதற்கு மேல் பசரெல் என்ற கூடுதல் சோதனை பாஸ் பண்ணினால் யூனியும் திறக்கும். கஷ்டம்தான், இல்லை என்று சொல்லவில்லை.

லுட்சேர்ன்_மாமா:
எல்லாம் சொல்லலாம். கிரங்கன்காச (மருத்துவக் காப்புறுதி) காசு வருடா வருடம் ஏறுது, வீட்டு வாடகை அதைவிட. இதில பிள்ளை பசரெல் படிக்கிறதாம்.

வின்டர்தூர்_ராணி:
அதைச் சொல்லுங்கோ. போன மாதம் பில்லைப் பார்த்து...

பேர்ண்_டீச்சரம்மா:
கொஞ்சம் நில்லுங்கோ, பில்லைப் பிறகு பார்ப்போம். தங்கச்சி, எந்தக் கன்டோன், மகனுக்கு எத்தனை வயது, ஜெர்மன் எவ்வளவு, என்ன பெர்மிட் (வதிவிட அனுமதி)? இது தெரியாமல் நாங்கள் எல்லாரும் சும்மா கத்துகிறோம். அந்தத் தாளின் தலைப்பையும் பார்த்துச் சொல்லுங்கோ.

கோண்டாவில்_அம்மா:
பேர்ண். 15 முடிந்தது. வந்து எட்டு மாதம், ஜெர்மன் இப்போதுதான் ஏ-2 (ஆரம்ப நிலை). பி பெர்மிட், இவரோடு இணைந்து வந்தோம். தாளில் மேலே "ஷ்னுப்பர்லேர" என்று இருக்கிறது, கீழே பெற்றோர் கையெழுத்து.

பேர்ண்_டீச்சரம்மா:
அட, அது ஒப்பந்தமே இல்லை! சில நாள் ஒரு வேலைத்தலத்தில் போய்ப் பார்ப்பதற்கான அனுமதி. தைரியமாக வையுங்கோ. உண்மையான லேர ஒப்பந்தம் பிள்ளை, பெற்றோர், கொம்பனி மூன்று பேரும் கையெழுத்து வைத்து, கன்டோன் அங்கீகரிக்க வேண்டியது.

ஷ்னுப்பர் நாட்களில் மகன் காலையில் நேரத்துக்கு நிற்கிறானா, தெரியாததைக் கேட்கிறானா, வேலை முடிந்து மேசையைத் துடைக்கிறானா என்றுதான் பார்ப்பார்கள். முடிய ஒரு மதிப்பீட்டுத் தாள் கேட்டு வாங்குங்கோ, பிறகு விண்ணப்பத்தோடு இணைக்க உதவும்.

ஏ-2 உடன் இந்த வருடமே எலெக்ட்ரிக் லேர, இன்போர்மாட்டிக் லேர என்று ஓடினால் தொழிற்பள்ளியில் மூச்சுத் திணறும். வெள்ளிக்கிழமை ஆசிரியரிடம் பே.ஃபாவ்.எஸ் பற்றிக் கேளுங்கோ. தொழிலுக்கு ஆயத்தப்படுத்தும் ஒரு வருடம், புதிதாக வந்த பிள்ளைகளுக்குத் தனிப் பிரிவும் உண்டு. ஒருங்கிணைப்பு முன்லேர என்று இன்னொன்று 2018இல் அகதிகளுக்காகத் தொடங்கியது, பிறகு உங்களைப் போல் குடும்ப இணைவில் வந்தவர்களுக்கும் திறந்தார்கள். பிட்ஸ் நிலையத்தின் தொழில் ஆலோசனைக்கும் நேரம் எடுங்கோ, காசு கட்டத் தேவையில்லை.

பிறகும் பயமாக இருந்தால் 2 வருட ஏ.பே.ஆ.வில் (இலகுவான லேரவில்) தொடங்கி ஏ.எஃப்.செட்டுக்கு (முழு லேரவின் சான்றிதழுக்கு) ஏறலாம். கணக்குக்காரப் பிள்ளை என்றால் பெரூஃப்ஸ்மத்தூராவை அப்போது யோசிப்போம். முதலில் ஜெர்மன்.

கோண்டாவில்_அம்மா:
நன்றி அக்கா. வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு மொழிபெயர்ப்பாளர் கேட்கலாமா? இவருக்கு லீவு இல்லை.

பேர்ண்_டீச்சரம்மா:
கேட்கலாம். இன்றைக்கே ஆசிரியருக்கு ஒரு மெயில் போடுங்கோ, கடைசி நாளில் கேட்டால் ஆள் கிடையாது. மகனை மொழிபெயர்க்க விடாதேங்கோ, தனக்கு வேண்டாததை விழுங்கிவிடுவான்.