சீரியல் கன்சோலில் பேக்ஸ்பேஸ் தட்டினால் ^எச், அதுவும் சில லாகினில் மட்டும்

கேத்தி_லினக்ஸ்:
வணக்கம். கோத்தகிரி பக்கம் பச்சை இலை எடை போடும் இடத்தில் ஒரு சின்ன லினக்ஸ் பெட்டி. விண்டோஸ் லேப்டாப்பிலிருந்து யுஎஸ்பி-சீரியல் கேபிள், புட்டி என்ற டெர்மினல் செயலி, வேகம் 115200. பேஷ் (கட்டளை ஷெல்) பிராம்ப்டில் பேக்ஸ்பேஸ் சரியாக அழிக்கிறது. விவசாயி பெயர், ஊர் கேட்கும் ஸ்கிரிப்டில் ^எச் விழுந்து ஃபைலிலும் ஏறிவிடுகிறது. டெலிட் தட்டினால் ^[[3~. வேறு சில லாகினில் ஸ்கிரிப்டிலும் பேக்ஸ்பேஸ் ஒழுங்காக இருக்கிறது. ஏன்?

தொட்டபெட்டா2637:
உங்கள் புட்டி பேக்ஸ்பேஸுக்கு ஆஸ்கி எண் 8, அதாவது ^எச், அனுப்புகிறது, பெட்டி எதிர்பார்ப்பது 127, அதாவது ^?. பேஷில் வரியைத் திருத்த உதவும் ரீட்லைன் இரண்டையுமே அழிப்பாக எடுத்துக்கொள்ளும், அதனால் பிராம்ப்டில் தெரியவில்லை. ஸ்கிரிப்டின் 'ரீட்' வரியைக் கெர்னலிடமிருந்து வாங்குகிறது. கெர்னலுக்கு 'இரேஸ்' என்று குறித்துவைத்த ஒரே எழுத்துதான் தெரியும்.

லாகினுக்கு லாகின் மாறுவது, பயனர் பெயர் கேட்கும் ஏகெட்டி என்ற நிரலால். பயனர் பெயர் அடிக்கையில் தவறி பேக்ஸ்பேஸ் தட்டினால், வந்தது 8 என்றால் அதையே இரேஸாக வைத்துவிடும். தவறாமல் அடித்தால் 127 அப்படியே நிற்கும்.

எதையும் மாற்றுமுன் கண்ட்ரோல்-வி, உடனே பேக்ஸ்பேஸ் தட்டிப் பாருங்கள். ^எச் வந்தால் 8. பிறகு டெர்மினல் அமைப்புகளைக் காட்டும் 'எஸ்டிடிஒய் -ஏ' (stty -a) கொடுத்து இரேஸ் என்னவென்று ஒப்பிடுங்கள். புட்டியில் டெர்மினல், அதற்குள் கீபோர்டு, அங்கே 127ஐத் தேர்ந்து செஷனைச் சேவ் செய்யுங்கள், இல்லாவிட்டால் அடுத்த முறை பழையபடிதான். பேஷின் தொடக்க அமைப்பான பேஷ்ஆர்சி ஃபைலில் எஸ்டிடிஒய் வரி போடாதீர்கள். டெர்மினல் இல்லாமல் ஓடும் வேலைகளில் அது பிழைச்செய்தி துப்பும்.

சிம்ஸ்பூங்கா:
டெலிட் வேறு கதை. அது ஒரு எழுத்தல்ல, எஸ்கேப்பில் தொடங்கும் நான்கு பைட் வரிசை. கெர்னலுக்குக் கர்சரை நகர்த்தத் தெரியாது, ஆகவே எந்த எஸ்டிடிஒய் அமைப்பாலும் தீராது. ஸ்கிரிப்டில் 'ரீட் -இ' என்று மாற்றினால் ரீட்லைன் பொறுப்பேற்கும், அம்புக்குறிகளும் வேலை செய்யும். அப்போதும் ~ மட்டும் விழுந்தால் ரீட்லைனின் அமைப்பு ஃபைலான இன்புட்ஆர்சியில் அந்த வரிசையை டெலிட்-கேர் (delete-char) கட்டளையுடன் இணையுங்கள்.

127 ஏன் அழிப்பு என்றால், துளை நாடாக் காலத்தில் தவறான எழுத்தின் மேல் ஏழு துளையும் குத்திவிடுவார்கள். ஏழு பிட்டும் 1 ஆனால் 127.

தொட்டபெட்டா2637:
ஊர்ப் பெயர் தமிழில் என்றால் இன்னொன்றும் பாருங்கள். எஸ்டிடிஒய் பட்டியலில் ஐயுடிஎஃப்8 (iutf8, உள்ளீடு யுடிஎஃப்-8 என்று கெர்னலுக்குச் சொல்லும் அமைப்பு) முன்னால் கழித்தல் குறி இருந்தால், அதாவது அணைந்திருந்தால், சாதாரண 'ரீட்'டில் பேக்ஸ்பேஸ் ஒரு பைட்டைத்தான் எடுக்கும். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். 'கோத்தகிரி' மொத்தம் 27 பைட். திரையில் அழிந்ததுபோல் தோன்றும், ஃபைலில் இரண்டு பைட் உடைந்து கிடக்கும். ஸ்கிரிப்டின் தலையில் 'எஸ்டிடிஒய் ஐயுடிஎஃப்8' போடுங்கள். அதன்பிறகும் 'கோ' போக இரண்டு தட்டு வேண்டும், முதல் தட்டில் ஓகாரம் போய் 'க' நிற்கும்.

கேத்தி_லினக்ஸ்:
கண்ட்ரோல்-வியில் ^எச்தான் வந்தது. 127 வைத்ததும் சரியாகிவிட்டது, ஐயுடிஎஃப்8 இங்கே அணைந்தே இருந்தது. ரொம்ப நன்றிங்க. ஏற்கெனவே ^எச் ஏறிய ஃபைலை 'கோல் -பி' (col -b) கட்டளை வைத்துச் சுத்தம் செய்யலாமா?

சிம்ஸ்பூங்கா:
வேண்டாம். பின்னால் வேறெழுத்து வந்து மேலே விழுந்தால்தான் அது பழையதை நீக்கும், வரிக் கடைசியில் அழித்த எழுத்து அப்படியே தங்கிவிடும். உரையைத் திருத்தும் 'செட்' (sed) கட்டளையில், 8க்கு முந்தைய எழுத்தையும் 8ஐயும் சேர்த்து நீக்கி, நீக்க ஒன்றும் இல்லாத வரை சுற்றவிடுங்கள். முதலில் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.