சிங்கப்பூர்ப் பயிற்சியும் மேசைக் கண்ணாடிக்குக் கீழே இருந்த சான்றிதழும்

பம்பலப்பிட்டிவாசி: "நிர்வாக சேவை அதிகாரிகளை வருடா வருடம் சிங்கப்பூருக்குப் பயிற்சிக்கு அனுப்பினால் நாடு தானாக முன்னேறும்" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். வாசித்ததும் பத்திக்கொண்டு வந்தது. கொழும்பு 7இல் இலங்கை அபிவிருத்தி நிர்வாக நிறுவனம் 1982ஆம் ஆண்டுச் சட்டத்தோடு இருக்கிறதே, பயிற்சிக்கா இங்கே பஞ்சம்? போன மாதம் அம்மாவோடு ஒரு கந்தோருக்குப் போனேன். அம்மா தமிழில் நிரப்பிய படிவத்தைக் கவுண்டரில் இருந்தவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பெயர் எழுதிய கட்டத்தைப் பேனையால் தட்டி, சிங்களத்தில் எழுதி வரச் சொன்னார். அவருடைய மேசைக் கண்ணாடிக்குக் கீழே, அவருக்குத் தமிழ் தெரியும் என்று சொல்லும் இரண்டாம் மொழிச் சான்றிதழ் இருந்தது.

சிங்கைப்பிரியன்: எழுதியது நான்தான். நான் சொன்னது திட்டம் போடும் மேல்மட்ட அதிகாரிகளை. நீங்கள் கவுண்டர் கதை சொல்கிறீர்கள்.

ஓய்வுபெற்ற இலிகிதர்: தம்பி, கவுண்டர்தான் கதை. 31 வருடம் கந்தோரில் இருந்தவன் சொல்கிறேன். 2007இல் 7ஆம் இலக்கச் சுற்றறிக்கை வந்தது, புதிதாகச் சேரும் உத்தியோகத்தர் இரண்டாம் மொழி படிக்க வேண்டும் என்று. எல்லோரும் வினாத்தாளை மனப்பாடம் செய்து பாஸ் பண்ணினார்கள். சான்றிதழ் வந்தது, மொழி வரவில்லை. 1904இல் பிரித்தானிய ஆட்சியின் அதிகாரியாக வந்த லெனார்ட் வூல்ஃப் யாழ்ப்பாணத்தில் இருந்து தமிழ் படித்தார், பிறகு சிங்களமும் படித்தார். கடல் கடந்து வந்தவருக்கு முடிந்தது இங்கே பிறந்தவருக்கு ஏன் முடியாது?

கொட்டாஞ்சேனைப்பொடியன்: வெள்ளைக்காரன் வரி வாங்கப் படித்தான் ஐயா. அவனைப் போய்ப் புகழ்கிறீர்களே, வெட்கமாக இல்லையா?

ஓய்வுபெற்ற இலிகிதர்: எதற்குப் படித்தாலும் படித்தானே! இந்தியாவிலும் ஐ.ஏ.எஸ். அதிகாரி தனக்குக் கிடைத்த மாநிலத்தின் மொழியைப் படிக்க வேண்டும். எங்களுக்குக் கண்ணாடிக்குக் கீழே ஒரு தாள் போதும்.

சிங்கைப்பிரியன்: அந்தச் சான்றிதழை நீங்கள் கண்ணால் கண்டீர்களா? பம்பலப்பிட்டி அண்ணை, அது இரண்டாம் மொழிச் சான்றிதழ்தான் என்று எப்படித் தெரியும்?

பம்பலப்பிட்டிவாசி: எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியும், தம்பி. உங்களுக்குத் தெரியுமா?

சிங்கைப்பிரியன்: நான் ரொறன்ரோவில் இருக்கிறேன் என்றுதானே குத்துகிறீர்கள்? போன வருடம் மொழிபெயர்ப்புச் சண்டையிலும் இதையேதான் சொன்னீர்கள். மறக்கவில்லை.

கொட்டாஞ்சேனைப்பொடியன்: அதுதானே, இங்கே வரிசையில் நிற்பது நாங்கள், பாடம் எடுப்பது அங்கே இருப்பவர்கள்.

ஓய்வுபெற்ற இலிகிதர்: ரொறன்ரோவை விடுங்கள். 1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி ஆயிற்று. நல்ல திட்டத்தை எந்த மேல்மட்டம் போட்டாலும் மானியப் படிவம் தமிழில் வாசிக்கப்படாவிட்டால் அது எங்கள் ஆட்களுக்குக் கிடைக்காது. உத்தியோகத்தர்கள் வகுப்பில் உட்காராமல் ஆறு மாதம் மட்டக்களப்பிலோ ஹட்டனிலோ கவுண்டரில் உட்காரட்டும், அதுதான் பயிற்சி. அம்பாறையில் நான் அப்படித்தான் சிங்களம் பழகினேன், ஒரு பரீட்சையும் எழுதாமல்.

சிங்கைப்பிரியன்: பரீட்சையே எழுதாத நீங்கள் பரீட்சையைப் பற்றி எப்படிச் சொல்லலாம்?

ஓய்வுபெற்ற இலிகிதர்: பாஸ் பண்ணியவர்களின் கடிதங்களை நான்தானே மொழிபெயர்த்துக் கொடுத்தேன், தம்பி! சம்பளம் அவர்களுக்கு, வேலை எனக்கு.

கொட்டாஞ்சேனைப்பொடியன்: அம்மாவின் படிவம் கடைசியில் என்ன ஆயிற்று?

பம்பலப்பிட்டிவாசி: வாசலில் இருந்த காவலாளி சிங்களத்தில் எழுதிக் கொடுத்தார். அவர் மூதூர்ப் பக்கத்து ஆள், சான்றிதழ் ஒன்றும் இல்லை.

சிங்கைப்பிரியன்: திரும்பவும் சான்றிதழா!