கேத்திலில் படிந்த சுண்ணாம்பு ஏன் திரும்பக் கரையவில்லை?

கோண்டாவில்_பிள்ளை:
வணக்கம். இந்த வருடம் உயர்தரம் எடுக்கிறேன். எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் கேத்தில் அடியில் வெள்ளையாகப் படிகிறது. கல்சியம் இருகாபனேற்று உடைந்து கல்சியம் காபனேற்று, காபனீரொட்சைட்டு, நீர் என்று வருவது தெரியும். ஆனால் குறிப்பில் இதற்கு இரட்டை அம்புக்குறி, மீளும் தாக்கமாம், இரண்டு பக்கமும் ஓடுமாம். அப்படியென்றால் ஆறியதும் படிவு திரும்பக் கரைய வேண்டுமே? இரவு முழுக்க அதே தண்ணீரோடு விட்டுப் பார்த்தேன், அசையவில்லை. அம்மா தும்பு போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

சுன்னாகம்_பெடியன்:
சமநிலை வந்துவிட்டது. பிறகு தாக்கம் நின்றுவிடும், அதுதான்.

ஓய்ந்த_வாத்தியார்:
தம்பி, சோதனையில் இப்படி எழுதிவிடாதேயும். சமநிலையில் எதுவும் நிற்பதில்லை. முன்முகத் தாக்கமும் பின்முகத் தாக்கமும் ஒரே வீதத்தில் ஓடுகின்றன, அதனால் அளவுகள் மாறாமல் தெரிகின்றன.

பிள்ளை, உம்முடைய கேத்திலில் அந்தச் சமநிலையே வரவில்லை. கொதிக்கும்போது காபனீரொட்சைட்டு மூக்கு வழியே வெளியே போய்விட்டது. திரும்பச் சேர ஆள் இல்லாமல் படிவு எப்படிக் கரையும்? காற்றில் இருப்பதோ ஏறக்குறைய 0.04 சதவீதம். சமநிலை வேண்டுமென்றால் எதுவும் வெளியே போகாத மூடிய தொகுதி வேண்டும்.

பின்முகத் தாக்கத்தைப் பார்க்க வேண்டுமா? எங்கள் காலுக்குக் கீழேயே நடக்கிறது. மழைநீர் மண்ணில் ஊறும்போது வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் காபனீரொட்சைட்டை எடுத்துக்கொண்டு சுண்ணக்கல்லைக் கரைக்கிறது. எங்கள் யாழ்ப்பாணத்து நிலாவரைக் கிணறு அப்படிக் கல் கரைந்து உண்டான பள்ளம்தான். 1798 இல் நெப்போலியனோடு எகிப்துக்குப் போன பிரெஞ்சு இரசாயனவியலாளர் பேர்தொலேக்கும், தாக்கம் திரும்பியும் ஓடும் என்ற யோசனை சுண்ணக்கல் ஏரிக்கரையில்தான் வந்தது: ஆய்வுகூடத்தில் ஒரு பக்கம் ஓடும் தாக்கம் அங்கே மறுபக்கம் ஓடி, சோடியம் காபனேற்று படிந்து கிடந்தது.

கோண்டாவில்_பிள்ளை:
நன்றி சேர். வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்து, தெளிந்த நீரை எடுத்துக் குழாயால் ஊதிப் பார்த்தேன். பால்போல் வந்தது. பத்து நிமிடம் ஊதியும் தெளியவில்லை. தலைசுற்றல்தான் மிச்சம்.

ஆய்வுகூட_அக்கா:
தங்கச்சி, ஊதுவதை நிறுத்தும்! மூச்சில் காபனீரொட்சைட்டு 4 சதவீதம்தான். நிரம்பிய சுண்ணாம்பு நீரில் உள்ள கல்சியம் அத்தனையையும் அதனால் கரைத்து வைக்க முடியாது. ஒரு பங்கு சுண்ணாம்பு நீருக்கு ஒன்பது பங்கு காய்ச்சி வடித்த நீர் சேரும். ஊதுவதற்குப் பதில், அப்போதே திறந்த சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றும். முதலில் கலங்கும், பிறகு தெளியும். கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், அதில் ஏற்கெனவே கல்சியம் இருக்கிறது.

கோண்டாவில்_பிள்ளை:
வந்தது அக்கா! சோடா ஊற்றத் தெளிந்தது, அதையே சூடாக்கினேன், மறுபடி கலங்கியது. இரண்டு அம்பையும் கண்ணால் பார்த்தாயிற்று. கேத்திலுக்கும் சோடாதானா?

ஓய்ந்த_வாத்தியார்:
சோடாவை வீணாக்காதேயும். தேசிக்காய் இரண்டைப் பிழிந்து தண்ணீரோடு சூடாக்கி, ஒரு மணி நேரம் விடும். நுரைத்துக்கொண்டு போகும்.