வெற்றுக் குழி ஏன் ஊதாவானது? பக்கத்துத் துறையின் மேசையில் நேர்ந்தவை

நுண்துளை எழுதியது:

முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வை முடித்து ஒரு மாதம் ஆகிறது. என் ஆய்வேட்டின் நான்காம் இயலை நான் இரண்டு முறை எழுத வேண்டியிருந்தது. முதல் முறை எழுதியது ஏன் நிற்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். உயிரியல், பொருள் வேதியியல், தகவல் தொழில்நுட்பம் ஆகிய மூன்றில் ஒன்றில் பயின்று, மற்றொன்றின் மேசைக்குத் தம் மாதிரியையோ தரவையோ எடுத்துச் சென்ற ஆய்வு மாணவர்கள், அங்கே தங்களுக்கு நேர்ந்ததைத் தொடர்ந்து எழுதினால் நன்றாக இருக்கும்.

என் பொருள் ஜிஃப்-8. துத்தநாக உப்பான சிங்க் நைட்ரேட்டையும், 2-மெத்தில் இமிடசோல் என்ற கரிமச் சேர்மத்தையும் தனித்தனியே மெத்தனாலில் கரைத்து ஒன்றாகக் கலந்தால், அறை வெப்பநிலையிலேயே சற்று நேரத்தில் கலவை பால்போல் வெளுக்கும். அதைச் சென்ட்ரிஃபியூஜில் சுழற்றிக் கழுவி உலர்த்தினால் வெண்தூள் கிடைக்கும். இது உலோக அயனிகளைக் கரிம மூலக்கூறுகளால் இணைத்து, நுண்துளைகள் நிறைந்த சட்டகமாகக் கட்டும் உலோக-கரிமக் கட்டமைப்புகள் எனப்படும் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்தை உருவாக்கியதற்காக 2025 அக்டோபரில் சுசுமு கிடகாவா, ரிச்சர்ட் ராப்சன், ஓமர் யாகி ஆகிய மூவருக்கும் வேதியியல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது, அதுவரை என் ஆய்வைப் பற்றி ஒரு சொல்லும் கேட்டிராத உறவினர்கள்கூடத் தொலைபேசியில் விசாரித்தார்கள். ஒரு கிராம் தூளின் உட்பரப்பு ஏறத்தாழ 1,600 சதுர மீட்டர் என்றும், ஏழு கிரவுண்டு மனையை ஒரு தேக்கரண்டிக்குள் மடித்து வைத்திருக்கிறேன் என்றும் சொன்னேன். சென்னையில் மனை விலை தெரிந்தவர்களுக்கு அந்த விளக்கம் உடனே புரிந்தது.

இந்தத் தூள் பாக்டீரியாவைக் கொல்கிறது என்பதுதான் நான்காம் இயலின் கூற்று. நுண்ணுயிரியல் துறையில் அகர் தட்டில் ஈ.கோலையைப் பரப்பி, நடுவில் குழியிட்டுத் தூளை வைத்து, இன்குபேட்டரில் ஓர் இரவு விட்டபோது குழியைச் சுற்றிப் பாக்டீரியா வளராத தெளிந்த வட்டம் விழுந்தது. நுண்துளைகளின் வடிவமே கொல்லுகிறது என்று படத்துடன் எழுதிவிட்டேன். தட்டை எனக்குத் தயாரித்துக் கொடுத்த மூத்த ஆய்வு மாணவி அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி, இதில் இருக்கும் அதே அளவு துத்தநாகத்தை வெறும் உப்பாக வைத்துப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். நான் பார்த்திருக்கவில்லை. எங்கள் ஆய்வகத்தில் ஒரு பொருள் சரியாக உருவாகியிருக்கிறதா என்று பார்ப்போமே தவிர, அது இல்லாவிட்டாலும் இதே விளைவு வந்திருக்குமா என்று கேட்கும் வழக்கம் இல்லை.

மறுவாரம் சிங்க் நைட்ரேட்டை வைத்தேன். வட்டம் ஏறக்குறைய அதே அளவில் விழுந்தது. பிறகு தூளை அமிலத்தன்மை மாறாமல் காக்கும் பாஸ்பேட் பஃபர் கரைசலில் ஊறவைத்து, படிக அமைப்பை எக்ஸ் கதிரால் காட்டும் எக்ஸ்ஆர்டி சோதனையை மறுநாள் எடுத்தபோது, ஜிஃப்-8 இருப்பதற்கு முதல் அடையாளமாக 7.3 பாகைக்கு அருகில் எழும் கூர்முனை காணாமல் போயிருந்தது. தண்ணீரில் நன்றாகத் தாக்குப்பிடிக்கும் இந்தக் கட்டமைப்பு, பாஸ்பேட் அயனிகள் துத்தநாகத்தைப் பற்றி இழுக்கும் இடத்தில் சிதைந்துவிடுகிறது. ஆனால் உயிரியல் ஆய்வகத்தில் பாஸ்பேட் இல்லாத கரைசலைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். துத்தநாகத்தை மெல்ல வெளிவிடும் சேமிப்புக் கொள்கலன் என்ற அளவில் இயலைத் திருத்தி எழுதினேன். திருத்திய பதிப்பு எந்த இதழிலும் வெளிவரவில்லை. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் இதழில் கட்டுரை வெளியாகியிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் நீக்கிய பின்னரும் எங்கள் பல்கலைக்கழகம் தன் விதியை விடவில்லை என்பதால், மற்றோர் இயலைக் கொண்டுதான் நான் கரையேறினேன்.

செல்வளர்ப்பு அறை எழுதியது:

நுண்துளை அவர்களின் பதிவைப் படித்ததும் என் ஊதாக் குழிகள் நினைவுக்கு வந்தன. எனக்கு நேர்ந்தது இதற்கு நேர் எதிர். கொல்லும் பொருளை நான் உயிரூட்டும் பொருள் என்று நம்பினேன்.

நான் உயிரியல் மாணவி. ஒரு வேதியியல் ஆய்வகம் தந்த ஒடுக்கப்பட்ட கிராஃபீன் என்ற மிக மெல்லிய கார்பன் தாள்கள் செல்களுக்கு நஞ்சா என்று பார்ப்பது என் பொறுப்பு. இதற்கு எல்லோரும் செய்வது எம்டிடி சோதனை. மஞ்சள் நிறச் சாயத்தை 96 குழித் தட்டில் இடுவோம். உயிருள்ள செல்கள் அதை ஒடுக்கி, அதாவது எலக்ட்ரான் கொடுத்து, ஃபார்மசான் என்ற ஊதாப் படிகமாக மாற்றும். படிகத்தைக் கரைத்து 570 நானோமீட்டரில் அளப்போம். ஊதா எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு செல்கள் உயிருடன் இருப்பதாகக் கொள்வோம். என் தட்டில் கிராஃபீனின் அளவைக் கூட்டக் கூட்ட ஊதாவும் கூடியது. எதுவும் இடாத குழிகளைவிடக் கிராஃபீன் இட்ட குழிகளில் செல்கள் செழிப்பாக இருப்பதாகக் கணக்கு வந்ததால், எலும்புத் திசு வளர்ப்பில் இதைப் பயன்படுத்தலாம் என்ற அளவுக்கு எங்கள் குழுக்கூட்டத்தில் பேச்சு போய்விட்டது.

அந்தப் பொருளைத் தயாரித்த வேதியியல் மாணவர் அடுத்த குப்பியைக் கொடுக்க வந்தபோது, சாயத்தின் பெயரைக் கேட்டு, அதன் அமைப்பைத் தாளில் வரைந்து பார்த்தார். "இதற்குச் செல் எதற்கு? எலக்ட்ரான் கொடுக்கும் எதுவும் இதை ஊதாவாக்கிவிடுமே" என்றார். செல்லே இல்லாத வெறும் ஊடகத்தில் அவருடைய பொருளையும் சாயத்தையும் மட்டும் இட்டு நான்கு மணி நேரம் வைத்தோம். வெற்றுக் குழிகள் ஊதாவாயின. பத்து வகுப்புகளுக்குச் செய்முறை சொல்லிக் கொடுத்த ஒரு சோதனையின் வேதியியலை நான் ஒரு முறையும் வரைந்து பார்த்ததில்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

அதன்பின் டிரைபன் நீலம் என்ற வேறு சாயத்தைச் சேர்த்து, நுண்ணோக்கியின் கீழ் எண்ணும் கட்டத்தில் செல்களை ஒவ்வொன்றாக எண்ணினேன். இறந்த செல் நீலமாகும், உயிருள்ளது சாயத்தை உள்ளே விடாது. இரண்டு வாரம் கண் எரிய எண்ணியதில், கிராஃபீன் கூடக் கூட நீலம் கூடியது. கார்பன் நானோகுழாய்களும் கிராஃபீனும் எம்டிடி சாயத்தோடு இப்படி விளையாடும் என்பது நான் தொடங்குவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே கட்டுரைகளில் வந்திருந்தது. அவை பொருளறிவியல் இதழ்களிலும் நச்சியல் இதழ்களிலும் இருந்தன. நான் படித்தவை வேறு இதழ்கள்.

வரிமீன் எழுதியது:

சிறிய சேர்க்கை. வரிக்குதிரை மீனின் கரு கண்ணாடிபோல் தெளிவாக இருப்பதாலும், 28.5 பாகை செல்சியசில் வைத்தால் இரண்டு முதல் மூன்று நாட்களுக்குள் பொரிந்துவிடுவதாலும், புதிய நுண்துகள்களைச் சோதிக்க எங்களிடம் நிறையப் பேர் வருகிறார்கள். ஒருவர் தந்த துகளில் கருக்கள் தாமதமாகப் பொரிந்தன. நச்சுத்தன்மை என்று எழுதவிருந்தோம். கருவின் உறையைக் கவனித்துப் பார்த்தபோது துகள்கள் அதன்மேல் மாவுபோல் அப்பியிருந்தன. உறையை ஊசிமுனையால் நீக்கிய கருக்களை அதே துகளில் விட்டோம். அவை வழக்கம்போல் வளர்ந்தன. குறை துகளின் நஞ்சில் இல்லை, அது வெளியில் படிந்து மூச்சை அடைத்ததில் இருந்தது. நிறுத்திக்கொள்கிறேன், மீன்களுக்கு உணவிடும் நேரம்.

நிரல் எழுதியது:

மூவரும் குப்பியையும் தட்டையும் பற்றிச் சொன்னீர்கள். எங்கள் துறையில் இதே பிழை கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது.

நான் முதுநிலை ஆய்வில் நுண்ணோக்கிப் படங்களைக் கொண்டு, மருந்து கொடுத்த செல்களையும் கொடுக்காத செல்களையும் பிரித்தறியும் நிரல் ஒன்றைப் பயிற்றுவித்தேன். படங்கள் ஓர் உயிரியல் ஆய்வகத்திலிருந்து வன்தட்டில் வந்தன. எல்லாவற்றையும் கலக்கி, பத்தில் எட்டைப் பயிற்சிக்கும் இரண்டைச் சோதனைக்கும் ஒதுக்கினேன். துல்லியம் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு வந்தது. முதல் முயற்சியிலேயே இப்படி வந்தால் ஐயப்பட வேண்டும் என்பதைப் பாடத்தில் படித்திருக்கிறேன். ஆனால் தனக்கே வரும்போது ஐயப்பட மனம் வருவதில்லை.

முடிவைக் காட்டுவதற்காக அந்த ஆய்வகத்துக்குப் போயிருந்தேன். படமெடுத்தவர் தன் குறிப்பேட்டைப் புரட்டியபடி, மருந்து கொடுத்த தட்டுகளைச் செவ்வாய்க்கிழமைகளிலும் மற்றவற்றை வியாழக்கிழமைகளிலும் எடுத்ததாகவும், இடையில் ஒரு முறை நுண்ணோக்கியின் விளக்கை மாற்றியதாகவும் சாதாரணமாகச் சொன்னார். என் நிரல் செல்லைப் பார்த்ததா, விளக்கைப் பார்த்ததா? படத்தின் எந்தப் பகுதியை வைத்து முடிவெடுக்கிறது என்று காட்டும் வெப்பப் படத்தை அன்று மாலையே வரைந்து பார்த்தேன். செல்களின் மேல் விழ வேண்டிய சிவப்பு, செல்லே இல்லாத பின்னணியில் பரவியிருந்தது. ஒரே தட்டின் படங்கள் பயிற்சியிலும் சோதனையிலும் கலந்திருந்ததால் சோதனையால் இதைக் காட்டிக்கொடுக்க முடியவில்லை. ஒரே நாளில் இரு வகையையும் எடுத்த புதிய படங்களைப் பெற்று, தட்டுவாரியாகப் பிரித்தபோது துல்லியம் எழுபதை ஒட்டி நின்றது. அந்த எழுபதைத்தான் ஆய்வேட்டில் எழுதினேன்.

சோதனைக்கான விடையின் தடயம் இப்படிப் பயிற்சிக்குள் நுழைந்துவிடுவதற்குத் தரவுக் கசிவு என்று பெயர். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சயாஷ் கபூரும் அரவிந்த் நாராயணனும் 2023-இல் வெளியிட்ட கட்டுரையில், 17 துறைகளில் ஏறத்தாழ 300 ஆய்வுக் கட்டுரைகளை இந்தக் கசிவு பாதித்திருப்பதாகத் தொகுத்திருக்கிறார்கள். அந்தக் கட்டுரையை நான் முன்பே படித்து அடிக்கோடும் இட்டிருந்தேன் என்பதை வெட்கத்துடன் சொல்லிக்கொள்கிறேன்.

முச்சுருள் எழுதியது:

கணினி சொல்வதை உயிரியலார் எப்படி வாங்கிக்கொள்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். புரதத்தின் வடிவத்தைக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவு நிரல் ஆல்ஃபாஃபோல்டு. அதன் தரவுத்தளத்தில் 2022 முதல் 20 கோடிக்கும் மேற்பட்ட புரதங்களின் கணிக்கப்பட்ட வடிவங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அந்த நிரலை உருவாக்கிய டெமிஸ் ஹசாபிஸும் ஜான் ஜம்பரும், புரத வடிவமைப்புக்காக டேவிட் பேக்கரும் 2024-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். வடிவம் கிடைத்துவிட்ட மகிழ்ச்சியில், அதில் ஒரு பள்ளத்தைத் தேர்ந்து மருந்து மூலக்கூறு பொருந்துகிறதா என்று ஆறு மாதம் கணக்கிட்டேன். என் பள்ளம் ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. நிறம் அழகுக்காக என்று நினைத்துவிட்டேன். நம்பகத்தன்மை மதிப்பெண் நூற்றுக்கு ஐம்பதுக்கும் கீழே இருக்கும் பகுதிகளுக்குத்தான் ஆரஞ்சு தருகிறார்கள் என்பதும், அங்கே நிரல் காட்டும் நாடா பெரும்பாலும் வடிவம் அல்ல, வடிவம் தெரியவில்லை என்பதற்கான குறி என்பதும் பிறகுதான் தெரிந்தது.

என்னைத் தடுத்தவர் கணினித் துறையினர் அல்லர். ஓய்வுக்கு நெருங்கிய ஓர் உயிர் இயற்பியல் பேராசிரியர். திரையைத் தொடாமலே, "ராமச்சந்திரன் வரைபடம் போட்டீர்களா?" என்று கேட்டார். போட்டபோது என் பள்ளத்தின் புள்ளிகள் அனுமதிக்கப்படாத பகுதிகளில் இறைந்து கிடந்தன. ஜி.என். ராமச்சந்திரனும் ராமகிருஷ்ணனும் சசிசேகரனும் சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1963-இல் வெளியிட்ட அந்த வரைபடம், அணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று இடிக்காமல் புரதத்தின் முதுகெலும்பு எந்தக் கோணங்களில் திரும்ப முடியும் என்பதை மட்டுமே சொல்கிறது. அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன், 1954-இல் ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், தோலிலும் தசைநாணிலும் உள்ள புரதமான கொலாஜனின் முச்சுருள் அமைப்பை முன்வைத்தபோது, கங்காரு வால் தசைநாணிலிருந்து கொலாஜன் மாதிரி கிடைத்தது அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் வழியாக. பக்கத்து வளாகத்திலிருந்து பெற்ற மாதிரி அது. என் புனைபெயருக்கான காரணமும் அதுவே.

நுண்துளை எழுதியது:

நிரல் அவர்களுக்கு ஒரு பதில். உங்களைப் போன்ற ஒருவருக்கு நானும் பிழை செய்திருக்கிறேன். பொருள்களை நிறத்தை வைத்து வகைப்படுத்தும் பயிற்சிக்காக எங்கள் குப்பிகளின் ஒளிப்படங்களைக் கணினித் துறை நண்பர் ஒருவர் கேட்டார். செம்பை மையமாகக் கொண்ட எச்கஸ்ட்-1 என்ற கட்டமைப்பையும் கொடுத்தேன். அதை வெற்றிடத்தில் சூடாக்கித் தண்ணீரை வெளியேற்றினால் அடர்ந்த கருநீலமாக இருக்கும். மூடியைத் திறந்து சென்னைக் காற்றில் வைத்தால், நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஈரத்தை உறிஞ்சி வெளிர்நீலமாகிவிடும். அவர் காலையில் சில படங்களையும் உணவு இடைவேளைக்குப் பிறகு சில படங்களையும் எடுத்து, இரண்டு பொருள்கள் என்று பெயரிட்டு முழுத் தரவையும் தயாரித்துவிட்டார். நான் குப்பியில் ஒட்டியிருந்த சீட்டில் என் பெயரின் முதலெழுத்தும் தேதியும் மட்டுமே இருந்தன. இப்போது எந்தக் குப்பியைக் கொடுத்தாலும், எந்தக் கரைப்பானில் கழுவியது, எத்தனை பாகையில் உலர்த்தியது, திறந்தால் என்ன ஆகும் என்று அரைப் பக்கம் எழுதி ரப்பர் வளையத்தால் கட்டிக் கொடுக்கிறேன். வாங்கிச் செல்பவர்களில் பாதிப் பேர் அதைப் படிப்பதில்லை. மறுபாதியினர் தொலைபேசியில் அழைத்து ஏதேனும் ஒன்றைக் கேட்கிறார்கள்.